வியட்நாம் போருக்குள் அமெரிக்கா சிக்கியது எப்படி?

கேள்வி இதுதான்: தன் எல்லைக்கோ பிழைப்புக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லாத, நெல் விளைவித்து வாழும் ஒரு சிறிய நாட்டுக்குள் அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேல் படையினரை ஏன் இறக்கியது? அந்த முடிவை எடுத்த அதிபர் கென்னடியா, ஜான்சனா?

இரண்டில் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். 1945 முதல் 1965 வரையிலான உத்தரவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், "வியட்நாமில் போரிடுவோம்" என்று ஒருவர் முடிவெடுத்த நாள் எதுவும் அகப்படாது. முதலில் பணம் கொடுத்தார்கள். பணம் வீணாகக் கூடாதென்று ஆலோசகர்களை அனுப்பினார்கள். ஆலோசகர்கள் சொன்னதைச் செய்துமுடிக்க ஹெலிகாப்டர்கள் போயின. ஹெலிகாப்டர்கள் போதாதபோது குண்டுவீச்சு விமானங்கள் போயின. விமானத்தளத்தைக் காக்கக் காலாட்படை போனது. நான்கு அதிபர்கள் மாறினார்கள். தன் பதவிக்காலத்தில் தோற்றுவிடக் கூடாது, அதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவு செய்தால் போதும் என்பதே ஒவ்வொருவரின் கணக்காகவும் இருந்தது.

தொடக்கத்தில் அமெரிக்கா எதிர்ப்பக்கத்தில்கூட இல்லை. 1945 ஜூலையில் அமெரிக்க உளவுப் பிரிவான ஓஎஸ்எஸ்ஸின் சிறு குழு ஒன்று பாராசூட்டில் இறங்கி, ஜப்பானியரை எதிர்க்க, வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட் மின்னின் கொரில்லாக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. காய்ச்சலில் கிடந்த ஹோ சி மின்னுக்கு மருந்து கொடுத்ததும் அந்தக் குழுவின் மருத்துவ உதவியாளர்தான். செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ விடுதலைப் பிரகடனத்தை வாசித்தபோது, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரியைச் சொல்லித்தான் தொடங்கினார். அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கடிதங்களும் எழுதினார். பதில் வரவில்லை. ஐரோப்பாவில் சோவியத்துக்கு எதிராக பிரான்ஸ் தேவைப்பட்டது. பிரான்சுக்கு, வியட்நாம் அடங்கிய தன் இந்தோசீனக் காலனி திரும்ப வேண்டும். காலனியாதிக்கம் கூடாதென்ற அமெரிக்கப் பேச்சு அப்படியே ஓரமாக வைக்கப்பட்டது.

1949 அக்டோபரில் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும் காட்சி மாறியது. 1950 ஜனவரியில் சீனாவும் சோவியத்தும் ஹோவின் அரசை அங்கீகரித்தன. பிப்ரவரியில் அமெரிக்கா, பிரெஞ்சுக்காரர்கள் உட்காரவைத்த முன்னாள் பேரரசர் பாவோ தாயின் அரசை அங்கீகரித்தது. மே மாதம் உதவி அறிவிப்பு வந்தது. ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும், ஒரு காலனிப் போருக்கு "கம்யூனிசத்துக்கு எதிரான போர்முனை" என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1954 வாக்கில் பிரெஞ்சுப் போர்ச் செலவில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கப் பணம்.

இந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குள் நடந்ததைக் கவனிக்காவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது. "சீனாவைக் கோட்டை விட்டது யார்?" என்ற கேள்வியை வைத்தே ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியைக் குடியரசுக் கட்சியினர் பல ஆண்டுகள் வறுத்தெடுத்தார்கள். மாவோ வெல்வார் என்று முன்கூட்டியே எழுதிய வெளியுறவுத் துறையின் சீன நிபுணர்கள், கம்யூனிச அனுதாபிகள் என்ற முத்திரையோடு வெளியேற்றப்பட்டார்கள். இதனால் இரண்டு விளைவுகள். ஆசியாவில் இன்னொரு நாட்டை இழக்கும் அதிபருக்கு அரசியல் எதிர்காலம் இல்லை என்பது கென்னடி, ஜான்சன் இருவர் மனதிலும் பதிந்தது. பத்தாண்டு கழித்து முடிவெடுக்கும் அறையில் ஆசியாவை உள்ளபடி அறிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தவர்கள் மோட்டார் கம்பெனித் தலைவர், பல்கலைக்கழகப் புல முதல்வர், தளபதிகள் என எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். வியட்நாமியர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சீனாவோடு மல்லுக்கட்டியவர்கள் என்பது மட்டும் அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

நடுவில் ஒருமுறை "மாட்டோம்" என்ற பதிலும் வந்தது. 1954 மார்ச்சில் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முற்றுகைக்குள்ளானது. பி-29 விமானங்களை அனுப்பி முற்றுகையை உடைக்கும் திட்டம் தயாராக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தலைவர்களைக் கேட்டபோது, கூட்டாளிகள் இல்லாமல் தனியாகப் போகக் கூடாது என்றார்கள். பிரிட்டன் வர மறுத்தது. அதிபர் ஐசன்ஹோவர் நிறுத்திக்கொண்டார். மே 7 அன்று கோட்டை விழுந்தது. அதனால் அமெரிக்காவுக்கு எந்தக் கேடும் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், ஒன்று சாய்ந்தால் அடுத்தடுத்து எல்லா நாடும் சாயும் என்ற டோமினோ கருத்தைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னவரும் அவரே. செயலில் காட்டிய நிதானம் மறந்துபோய், சொன்ன சொல் அடுத்த அதிபர்களின் காலைச் சுற்றியது.

ஜூலை 21 அன்று ஜெனீவாவில், 17ஆம் அட்சக்கோட்டில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்து, ஹனோயைத் தலைநகராகக் கொண்ட வடக்கை ஹோவிடம் விட்டு, 1956 ஜூலையில் தேர்தல் நடத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கா அதில் சேரவில்லை. பலத்தைப் பயன்படுத்திக் குலைக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லிவைத்தது. செப்டம்பரில் மணிலாவில், தென்கிழக்கு ஆசியப் பாதுகாப்புக்கென்று சீட்டோ கூட்டணியை அமைத்து, தென் வியட்நாமைப் பாதுகாப்பு எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. தெற்கின் தலைநகர் சைகோனில், பிரதமர் நோ தின் தியேமுக்கு முழு ஆதரவு கொடுத்தது. பாவோ தாயா, தியேமா என்ற 1955 பொதுவாக்கெடுப்பில் தியேமுக்கு 98.2 சதவீதம். சைகோனில் பதிவான வாக்காளர் சுமார் 4,50,000 பேர், அவருக்கு விழுந்த வாக்கு ஏறக்குறைய 6,00,000. கள்ள ஓட்டு பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1956 தேர்தல் நடக்கவே இல்லை. தென் பகுதி இனி அமெரிக்கா வளர்த்த பிள்ளை. அது விழுந்தால் பழி பிரான்சின் மேல் விழாது.

இந்த இடத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணித்த ஆணையத்துக்கு இந்தியா தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1962 ஜூனில் இந்தியாவும் கனடாவும் சேர்ந்து கொடுத்த அறிக்கை இரண்டு தரப்பையும் குற்றம் சாட்டியது. தெற்கில் கிளர்ச்சியை வடக்கு தூண்டிவிடுகிறது. தெற்கும் அமெரிக்காவும் உடன்பாட்டை மீறி ராணுவக் கூட்டணியாகவே நடந்துகொள்கின்றன. இந்தப் போரில் முழு உண்மையைச் சொன்ன ஆவணங்கள் குறைவு. அதில் இது ஒன்று, யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்து ஆலோசகர்கள். ஜெனீவா வரம்பின்படி அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் 342 பேர்தான் இருக்கலாம். 1960 டிசம்பரில் தெற்கில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் தேசிய விடுதலை முன்னணி (அதன் போராளிகள்தான் வியட் காங்) அமைந்தபோது இந்த எண்ணிக்கை 900க்குள் இருந்தது. 1961 முடிவில் சுமார் 3,200, 1962இல் 11,300, 1963இல் 16,300. 1961 அக்டோபரில் சைகோன் போய்வந்த தளபதி மேக்ஸ்வெல் டெய்லர், வெள்ள நிவாரணம் என்ற பெயரில் 8,000 துருப்புகளை அனுப்பலாம் என்றார். கென்னடி தயங்கினார். படை அனுப்புவது ஒரு கிளாஸ் மது குடிப்பது மாதிரி, போதை இறங்கியதும் இன்னொன்று கேட்கும் என்று தன் உதவியாளரிடம் சொன்னார். படையை மறுத்துவிட்டு, ஆலோசகர்களையும் ஹெலிகாப்டர்களையும் அனுப்பினார். வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால், ஐந்து ஆண்டில் 3,00,000 பேர் அங்கே இருப்பார்கள் என்று எச்சரித்தபோது, உனக்குப் பைத்தியமா என்கிற தொனியில் பதில் சொன்னார் கென்னடி. 1966 முடிவில் அங்கே இருந்தவர்கள் 3,85,000 பேர்.

ஆலோசகர் எப்படிப் போராளியாகிறார் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1961 டிசம்பர் 11 அன்று சைகோன் நதிக்கரையில் அமெரிக்கக் கப்பல் ஒன்று 30க்கும் மேற்பட்ட எச்-21 ஹெலிகாப்டர்களோடு வந்து நின்றது. அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் 400 பேர். ஓட்டுபவர் அமெரிக்கர், ஏறிப்போகும் சிப்பாய் வியட்நாமியர். தரையிறங்கும் இடத்தில் சுட்டால் குண்டு படுவது இருவர் மேலும்தான். ஆகவே ஹெலிகாப்டர் கதவில் இயந்திரத் துப்பாக்கி வந்தது, பிறகு துணைக்குத் தாக்கும் ஹெலிகாப்டர்கள் வந்தன. விமானப்படையின் "பார்ம் கேட்" பிரிவில் கூத்து இன்னும் வெளிப்படை. விமானத்தின் மேல் வியட்நாம் சின்னம், முன் இருக்கையில் குண்டு வீசும் அமெரிக்க விமானி, பின் இருக்கையில் "பயிற்சி" பெறும் ஒரு வியட்நாமியர். அவர் உட்கார்ந்திருந்தால் அது பயிற்சிப் பறப்பு. போர் என்று பெயர் சொல்லாமல் போரிட இது போதுமாக இருந்தது.

இந்த முறையின் பலவீனம் 1963 ஜனவரி 2 அன்று மேகாங் படுகையின் அப் பாக் கிராமத்தில் தெரிந்தது. மரவரிசைக்குள் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்த சுமார் 350 வியட் காங் வீரர்கள், ஹெலிகாப்டரும் கவச வண்டியும் வைத்திருந்த, தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையைப் பகல் முழுக்கத் தடுத்து நிறுத்திவிட்டு இரவில் நழுவினார்கள். ஐந்து ஹெலிகாப்டர்கள் விழுந்தன. தெற்கின் அதிகாரிகள் முன்னேற மறுத்ததற்குக் காரணம் கோழைத்தனம் என்று அமெரிக்கர்கள் எழுதினார்கள். அதற்குள் வேறொரு கணக்கு உண்டு. அதிக இழப்பு நேர்ந்தால் தியேமின் கோபத்துக்கு ஆளாக வேண்டும். நல்ல படைப்பிரிவுகள் அவருக்கு வியட் காங்கை எதிர்க்க மட்டுமல்ல, சைகோனில் தன்னைக் கவிழ்க்க வரும் தளபதிகளை எதிர்க்கவும் தேவை. ஆலோசகரால் இதை மாற்ற முடியாது. களத்தில் என்ன செய்யலாம் என்று யோசனைதான் சொல்ல முடியும். பதவி உயர்வு கொடுப்பது அதிபர் மாளிகை. ஆனாலும் அமெரிக்கத் தலைமையகம் அப் பாக்கை வெற்றி என்றே அறிவித்தது, கிராமம் கடைசியில் கைக்கு வந்ததால்.

வளர்த்த பிள்ளையை மாற்றுவது இன்னும் மோசமாக முடிந்தது. 1963 மே மாதம் ஹுவே நகரில் பௌத்தர்கள் மேல் துப்பாக்கிச்சூடு. ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் துறவி திக் குவாங் தூக் தீக்குளித்தார். ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. கென்னடி ஹயானிஸ் போர்ட்டில், பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா விடுமுறையில், சிஐஏ தலைவரும் ஊரில் இல்லை. வெளியுறவுத் துறையின் இரண்டாம் நிலை அதிகாரிகள் சிலர், தியேம் தன் தம்பி நூவை விலக்காவிட்டால் தியேமையே விட்டுவிடலாம் என்ற தந்தியைத் தயாரித்து, தொலைபேசியில் ஒவ்வொருவராக ஒப்புதல் வாங்கி அனுப்பினார்கள். மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள் போலும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வெள்ளை மாளிகையில் சண்டை நடந்தது; தந்தியைத் திரும்பப் பெறவில்லை. நவம்பர் 1 அன்று தென் வியட்நாம் தளபதிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், மறுநாள் தியேமும் நூவும் கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த அரசுகள் மாதக்கணக்கில் மாறின. அரசைக் கவிழ்க்க அனுமதி கொடுத்தவனுக்கு, பின்னால் வருவதற்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. மூன்று வாரத்தில் கென்னடியும் சுடப்பட்டார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1959லேயே லாவோஸ் காடு வழியாகத் தெற்குக்குப் பாதை போடத் தொடங்கியிருந்தார்கள். 1963 டிசம்பரில், கட்சிச் செயலாளர் லே துவானின் கை ஓங்கிய ஹனோய்க் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு, அமெரிக்கா முழுதாக இறங்குவதற்குள் தெற்கை வீழ்த்திவிடலாம் என்று போரைத் தீவிரப்படுத்த முடிவெடுத்தது. அவர்களின் அவசரமும் அமெரிக்காவை உள்ளே இழுத்ததில் பாதி.

கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சனுக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது 1964 ஆகஸ்டில். ஜூலை 30 இரவு, அமெரிக்கா திட்டமிட்டுக் கொடுத்த ரகசிய நடவடிக்கையின்படி தென் வியட்நாம் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கின. ஆகஸ்ட் 2 அன்று, அந்தத் தீவுகள் இருக்கும் டோங்கின் வளைகுடாவில் உளவு பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மேடாக்ஸை வடக்கின் மூன்று டார்பிடோ படகுகள் தாக்கின. இது உண்மை, கப்பலில் பட்டது ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு. ஆகஸ்ட் 4 இரவு, மோசமான வானிலையில் மேடாக்ஸும் இன்னொரு போர்க்கப்பலான டர்னர் ஜாயும் ரேடாரில் தெரிந்ததை நோக்கி மணிக்கணக்கில் சுட்டன. சில மணி நேரத்தில், மேடாக்ஸில் இருந்த தளபதி ஹெரிக், வானிலைக் கோளாறும் நீருக்கடியில் ஒலியைக் கவனிக்கும், பதற்றத்திலிருந்த சோனார் ஆட்களுமே காரணமாக இருக்கலாம், எதுவும் செய்யுமுன் முழுதாக ஆராயுங்கள் என்று செய்தி அனுப்பினார். யாரும் காத்திருக்கவில்லை. மறுநாள் குண்டுவீச்சு நடந்தது. 7ஆம் தேதி, காங்கிரஸின் கீழவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று, படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் டோங்கின் தீர்மானம் நிறைவேறியது. அதன் முந்தைய வரைவு மே மாதமே எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதும், ஒட்டுக்கேட்ட செய்திகள் ஒருபக்கமாகத் திரித்துக் கொடுக்கப்பட்டன என்பதும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாய்வாளரே எழுதிய ஆய்வில் உள்ளது. அது 2005இல்தான் வெளியானது.

இதற்கெல்லாம் இரண்டு மாதம் முன், மே 27 அன்று, ஜான்சன் தொலைபேசியில் தன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடம் சொன்னது ஒலிப்பதிவாகவே இருக்கிறது: இது போரிடத் தகுந்ததாகத் தெரியவில்லை, வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை. அந்த மனநிலையோடுதான் எல்லா உத்தரவும் போனது.

1965இல் தரைப்படை இறங்கிய விதம் ஒரு கணக்குப் பாடம். பிப்ரவரி 7 அன்று தென் வியட்நாமின் பிளேகு முகாமில் எட்டு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். பதிலடியாக வடக்கின் மேல் தொடங்கிய குண்டுவீச்சு, மார்ச் 2 முதல் "ரோலிங் தண்டர்" என்ற தொடர் நடவடிக்கையானது. முதல் பதிலடி விழுந்தபோது சோவியத் பிரதமர் கொசிகின் ஹனோயில் இருந்தார். அதன்பின் சோவியத் ஆயுத உதவி பெருகியது. குண்டுவீசும் விமானங்களுக்குத் தளம் வேண்டும், ஒன்று தா நாங். நான்கு மாதம் முன்பு பியன் ஹோவா தளத்தில் வியட் காங் மோர்ட்டார் அடித்து பி-57 விமானங்களை நொறுக்கியிருந்தது. ஆகவே தளத்தைக் காக்க இரண்டு பட்டாலியன் மரைன்கள் (கடற்படையோடு சேர்ந்த தரைப்போர் வீரர்கள்) வேண்டும் என்றார் அங்கிருந்த அமெரிக்கப் படைத் தளபதி வெஸ்ட்மோர்லாண்ட். அப்போது சைகோனில் தூதராக இருந்தவர், 1961இல் 8,000 பேரை அனுப்பச் சொன்ன அதே டெய்லர். இப்போது அவர் எதிர்த்தார்: ஒருமுறை இந்த வரம்பை மீறினால் பிறகு எங்கும் நிறுத்த முடியாது.

மார்ச் 8 அன்று 3,500 மரைன்கள் வந்தார்கள். கரையில் வியட்நாமின் மரபு உடையான ஆவ் சாய் உடுத்திய பெண்கள் மாலை போட்டார்கள். உத்தரவு தெளிவாக இருந்தது: தளத்தைக் காப்பது மட்டும் வேலை, வியட் காங்கோடு அன்றாடச் சண்டையில் இறங்கக் கூடாது.

ஆனால் வேலியோரம் நின்று விமானத்தளத்தைக் காக்க முடியாது. கையால் தூக்கிப் போகும் மோர்ட்டார் மூன்று கிலோமீட்டர் தூரம் அடிக்கும். ஓடுபாதையைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் எல்லை 25 கிலோமீட்டர், உள்ளே 50 சதுர கிலோமீட்டர் நெல்வயலும் வீடும். அந்த எல்லையில் ஆள் நிற்க வேண்டும். நிற்பவனைச் சுடாமலிருக்க அதற்கும் வெளியே ரோந்து போக வேண்டும். ரோந்து சிக்கினால் மீட்கத் தயாராக ஒரு படை வேண்டும், பீரங்கி வேண்டும்; இவர்களுக்கெல்லாம் சோறு, எண்ணெய், தோட்டா இறக்கத் துறைமுக ஆட்கள் வேண்டும். ஏப்ரல் 6 அன்று கையெழுத்தான உத்தரவு இன்னும் இரண்டு மரைன் பட்டாலியன்களையும் 18,000 முதல் 20,000 வரை துணைப்படையினரையும் அனுமதித்தது. தாக்குதலில் இறங்கலாம் என்றும் சொன்னது. இது மாற்றமாகத் தெரியக் கூடாது, விளம்பரம் தவிர்க்கப்பட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் எழுத்தில் உள்ளது.

ஜூலை 1 நள்ளிரவுக்குப் பின் வியட் காங்கின் வெடிகுண்டுப் பிரிவு தா நாங் தளத்துக்குள் புகுந்து விமானங்களை அழித்தது. அவர்கள் வந்தது தெற்குப் பக்கமாக. அந்தப் பகுதி தென் வியட்நாம் படையின் பொறுப்பு. மரைன்கள் அந்தப் பகுதியையும் கேட்டு வாங்கினார்கள். ஆகஸ்ட் 3 அன்று அந்தப் புதிய எல்லைக்குள் கிடந்த காம் நே கிராமத்துக்குள் போனார்கள். ஒரு மரைன் சிகரெட் லைட்டரால் கூரையைக் கொளுத்துவதை அமெரிக்கத் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு காட்டியது. ஓடுபாதையைக் காக்க வந்த படை ஐந்து மாதத்தில் குடிசைக்கு நெருப்பு வைத்த பாதையில், எந்த இடத்திலும் யாரும் பெரிதாகத் தப்பான முடிவு எடுத்ததாகத் தெரியாது. அதுதான் இதில் இருக்கும் சிக்கல்.

ஜூனில் வெஸ்ட்மோர்லாண்ட் 44 பட்டாலியன்கள் கேட்டார். ஜார்ஜ் பால் எதிர்த்து எழுதினார். 1964இல் பாதுகாப்புத் துறையான பென்டகனே நடத்திய போர் ஒத்திகைகள், குண்டுவீச்சு ஹனோயைப் பணியவைக்காது என்று காட்டியிருந்தன. இந்தக் கொள்கைக்கு உள்ளேயே இருந்த பென்டகன் அதிகாரி ஜான் மக்நாட்டன், மார்ச் மாதக் குறிப்பில் அமெரிக்காவின் நோக்கத்தைச் சதவீதம் போட்டே எழுதினார்: 70 சதவீதம் அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க, 20 சதவீதம் சீனாவிடம் நிலம் போகாமலிருக்க, 10 சதவீதம் தென் வியட்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு. ஜூலை 28 நண்பகல் செய்தியாளர் கூட்டத்தில், படை 75,000இலிருந்து 1,25,000 ஆகும் என்று ஜான்சன் அறிவித்தார். ரிசர்வ் படையை அழைக்கவில்லை, வரி கூட்டவில்லை. மருத்துவக் காப்பீடு, வாக்குரிமைச் சட்டங்கள் அந்தக் கோடையில் காங்கிரஸில் இருந்தன. போர் விவாதம் எழுந்தால் அவை போய்விடும் என்ற பயம். ஆண்டு முடிவில் அங்கே 1,84,000 பேர்.

முழு பலத்தோடு வடக்கே போயிருந்தால் வென்றிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். 1950இல் கொரியாவில் யாலு நதியை நெருங்கியதும் சீனப்படை இறங்கிய அனுபவம் அப்போது பதினைந்து வருடப் பழசுதான். 1965 ஜூன் முதல் வட வியட்நாமுக்குள் சீனா விமான எதிர்ப்பு, பொறியியல் படைகளை அனுப்பியது. சில ஆண்டுகளில் வந்துபோனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆகவே தாக்க வேண்டிய இலக்குகளை வெள்ளை மாளிகையின் செவ்வாய்க்கிழமை மதிய உணவில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். மெல்ல மெல்ல அழுத்தினால் ஹனோய் பேரம் பேச வரும் என்ற எண்ணம். மெல்ல அழுத்தியது, ஹனோய்க்குப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்தது.

1969 ஏப்ரலில் எண்ணிக்கை 5,43,000ஐத் தொட்டது. 1971 ஜனவரியில் டோங்கின் தீர்மானம் ரத்தானது. அப்போதும் அங்கே மூன்று லட்சத்துக்கும் மேல் படையினர் இருந்தார்கள். தீர்மானம் போனால் எந்த அதிகாரத்தில் போர் நடக்கிறது என்று கேட்டபோது, அங்கே இருக்கும் படையைப் பாதுகாப்பது தலைமைத் தளபதியான அதிபரின் கடமை, அதற்குத் தனி அனுமதி வேண்டாம் என்று பதில் சொன்னது ஜான்சனுக்குப் பின் வந்த நிக்சன் அரசு. அதை வைத்தே இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினார்கள்.